பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சொல்: மருத்துவப் பதிவு மென்பொருளில் லேபிள் எழுதப் பழகுவோம்

பர்மாவில் உள்ள மோல்மீனில் நான் உதவிக்குப் போகும் சிறிய தரும மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அக்கா வந்தார். "சயாமா, ராத்திரி பூரா உடம்பு அனலாக் கொதிச்சுது" என்றார். நர்ஸையும் பெண் டாக்டரையும் பர்மியரைப் போலவே நாங்களும் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். ஆண் டாக்டர் என்றால் சயா. நர்ஸ் பிள்ளையை எடை மெஷினில் உட்கார வைத்தார். முள் 22-இல் நின்றது. திரையில் 'எடை' என்று எழுதியிருந்த பெட்டியில் 22 என்று அடித்துச் சேமித்துவிட்டு, இருவரையும் உள்ளே அனுப்பினார்.

மெஷின் காட்டியது பவுண்டு. பெட்டி எதிர்பார்த்தது கிலோ.

சயா திரையைப் பார்த்தார், பிள்ளையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். 22 கிலோ என்பது ஆறேழு வயதுப் பிள்ளையின் எடை. அவர் தூக்கிப் பார்த்ததால் தப்பித்தோம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலைக் குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் அளப்பார்கள்; ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. 22 பவுண்டு என்பது 10 கிலோ. அதற்கு 150 மில்லிகிராம். திரையை மட்டும் நம்பியிருந்தால் 330 மில்லிகிராம் ஆகியிருக்கும்.

அந்தப் படிவத்தை அமைத்தது நான். வண்ணம், எழுத்தின் அளவு, பெட்டிகளின் வரிசை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். 'எடை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'கிலோ' என்று ஒரு சொல் சேர்த்திருக்கவில்லை. மருத்துவமனைகளில் கணினி வேலைக்கு உதவ வரும் நம் பிள்ளைகள் என் தவறைத் திரும்பச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

லேபிள் என்றால் என்ன

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். பெயர் என்று ஒரு கட்டம், நட்சத்திரம் என்று ஒரு கட்டம். மேலே இருக்கும் அந்தத் தலைப்புகள் அச்சாகாமல் போய், கட்டங்களில் 'ரேவதி', 'ரோகிணி' என்று மட்டும் எழுதியிருந்தால் குருக்கள் என்ன செய்வார்? ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த ரோகிணியா, ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த ரேவதியா? எழுதிய இரண்டு சொல்லும் சரிதான். ஆனால் எது எதற்குப் பதில் என்று சொல்லும் சொல் இல்லை. அந்தச் சொல்தான் லேபிள்.

மருத்துவப் பதிவு மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படிவ டெம்ப்ளேட் இருக்கும். கர்ப்பிணிப் பரிசோதனைக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. ஒருமுறை அமைத்துவிட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் அதே படிவம் வெறுமையாகத் திறக்கும். அதில் நாம் நிரப்பும் இடங்கள் பெட்டிகள். பெட்டிக்குப் பக்கத்திலோ மேலேயோ நிற்கும் எழுத்து லேபிள். நோயாளி மாறுவார், பெட்டிக்குள் இருப்பது மாறும், லேபிள் மாறாது. நீங்கள் ஒரு லேபிளைத் தவறாக எழுதினால் அந்தப் படிவம் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே தவறு நடக்க வாய்ப்பு உண்டு.

திரையில் தெரிவது லேபிளும் பெட்டியும்தான். மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று பின்னால் இருக்கிறது. பெட்டியில் நீங்கள் எழுதும் எண்ணை மென்பொருள் எந்தப் பெயரின்கீழ் சேமிக்கிறது என்பது அது. ஓபன் எம்ஆர்எஸ் என்ற மென்பொருளில் இதைக் கான்செப்ட் என்பார்கள். வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளை மனத்தில் வைத்து, அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் இன்ஸ்டிட்யூட்டும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் 2004-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதில் எடைக்கு ஒரு கான்செப்ட், உயரத்துக்கு ஒரு கான்செப்ட் என்று ஓர் அகராதியே இருக்கிறது. கான்செப்டுக்கு எண் உண்டு, அலகு உண்டு, இதற்குக் கீழே போகக் கூடாது, இதற்கு மேலே போகக் கூடாது என்ற எல்லைகளும் உண்டு. ஓபன் இஎம்ஆர் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் இதே வேலையை ஃபீல்டு ஐடி செய்கிறது.

லேபிள் மனிதருக்கு, கான்செப்ட் கணினிக்கு. இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். ஆனால் அவை ஒன்றையே சொல்கின்றனவா என்று மென்பொருள் சரிபார்ப்பதில்லை. எடை கான்செப்டுக்குப் பக்கத்தில் 'உயரம்' என்று நீங்கள் லேபிள் எழுதினாலும் அது மறுபேச்சு பேசாமல் ஏற்றுக்கொள்ளும். இதை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் நான்கு வகை

டெம்ப்ளேட்டில் நாம் சேர்க்கும் எழுத்தெல்லாம் லேபிள் என்று பொதுவாகச் சொன்னாலும், அவை செய்யும் வேலை வேறுவேறு.

பெட்டியோடு கட்டிப்போட்ட லேபிள் முதல் வகை. ஓபன் எம்ஆர்எஸ்ஸின் எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) படிவங்களில், பெட்டியைக் கொண்டுவரும் வரியிலேயே லேபிள் டெக்ஸ்ட் என்று ஓர் இடம் இருக்கும். அதில் எழுதுவது பெட்டியை ஒட்டியே வரும். பெட்டியை வேறு இடத்துக்கு நகர்த்தினால் லேபிளும் கூடவே போகும்.

தனியே நிற்கும் எழுத்து இரண்டாவது. அதற்குப் பெட்டி கிடையாது, எதுவும் சேமிக்கப்படாது. 'ரத்த அழுத்தம் அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்கவும்' என்பது போன்ற குறிப்புகளுக்கு இது. ஓபன் இஎம்ஆரின் படிவ அமைப்பில் பெட்டியின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஸ்டாட்டிக் டெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கும், இதுதான் அது. மருத்துவத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப் பயன்படும் ஃபயர் தரநிலையிலும் கேள்வித்தாளில் டிஸ்ப்ளே என்று ஒரு வகை தனியே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதில் எழுதவே முடியாது, வாசிக்க மட்டும்தான்.

புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். பெட்டியின் பெயரைத் தனியே நிற்கும் எழுத்தாகப் போட்டு, பக்கத்தில் லேபிள் இல்லாத பெட்டி ஒன்றை வைப்பார்கள். பெரிய திரையில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அதே படிவத்தைக் கைபேசியில் திறந்தால் எழுத்து ஒரு வரியிலும் பெட்டி அடுத்த வரியிலுமாகப் பிரிந்து, மேலே உள்ள பெட்டிக்கா கீழே உள்ள பெட்டிக்கா என்று தெரியாமல் போகும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளும் அந்தப் பெட்டிக்கு வந்ததும் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்கும். லேபிளைப் பெட்டியோடு முறையாகக் கட்டியிருந்தால், லேபிள் எழுத்தின் மேல் தட்டினாலே பெட்டிக்குள் கர்சர் போய் நிற்கும். கட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க இதுவே சுலபமான சோதனை.

பெட்டிக்குள்ளேயே மங்கலாகத் தெரியும் குறிப்பு மூன்றாவது. எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும். இதை லேபிளுக்குப் பதிலாக வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதி முடித்த பிறகு சரிபார்க்கிற கண்ணுக்கு வெறும் எண்கள்தான் மிஞ்சும்: 98, 72, 16. எது நாடித்துடிப்பு, எது மூச்சு எண்ணிக்கை?

நான்காவது, பகுதித் தலைப்பு. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீளமான படிவம் என்றால் போடுங்கள்.

அலகு இல்லாத லேபிள் பாதி லேபிள்

வீசை என்ற அளவை நம் பாட்டிமார்கள் எல்லோரும் அறிவார்கள். மெட்ராஸ் பக்கத்தில் ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. பர்மாவில் மீனும் காய்கறியும் இன்றும் வீசைக் கணக்கில்தான் விற்கிறார்கள். பேசும்போது நாம் அதே சொல்லைச் சொல்கிறோம், ஆனால் இங்கே அது 1.6 கிலோவுக்கும் சற்று அதிகம். கப்பலேறி வந்தவர்கள் சந்தையில் முதல் நாளே இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். சொல் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாகிவிடாது.

உடல் எடையைப் பவுண்டில் சொல்வதும் உயரத்தை அடி, அங்குலத்தில் சொல்வதும் இங்கே பழக்கம். மென்பொருளோ கிலோவையும் சென்டிமீட்டரையும் எதிர்பார்த்து வருகிறது. காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் சொல்கிறார்கள், படிவம் செல்சியஸில் கேட்கிறது. இரத்தச் சர்க்கரையை ஒரு மெஷின் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், இன்னொன்று லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று காட்டும். வெறும் வயிற்றில் 126 என்று ஒன்று சொல்வதை மற்றது 7.0 என்று சொல்லும். 18-ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். செல்சியஸ் பெட்டியில் ஒருவர் 101 என்று எழுதினால் கான்செப்டில் வைத்திருக்கும் மேல் எல்லை அதைத் தடுத்துவிடும், ஏனென்றால் 101 டிகிரி செல்சியஸ் உடம்பு உலகத்தில் கிடையாது. 126 என்பதை மில்லிமோல் பெட்டியில் எழுதினாலும் அப்படித்தான் பிடிபடும். ஆனால் 22 என்ற எடையை எந்த எல்லையும் பிடிக்காது. 22 கிலோப் பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அலகு மாறினாலும் நம்பும்படியாகவே இருக்கும் எண்கள்தான் மிகவும் ஆபத்தானவை. அவற்றைத் தடுக்கக் கணினியால் முடியாது, லேபிளால்தான் முடியும்.

ஆகவே எண் எழுதும் பெட்டி எதுவானாலும் அலகை லேபிளிலேயே எழுதுங்கள், முடிந்தால் பெட்டியின் வலப்பக்கத்திலும் இன்னொருமுறை. 'எடை (கிலோ)' என்று எழுதி, பெட்டியை ஒட்டியும் 'கிலோ' என்று போடுவது கூடுதலாகத் தோன்றலாம். பரவாயில்லை. நர்ஸின் கண் லேபிளைவிட்டுப் பெட்டிக்கு வந்துவிட்ட அந்தக் கணத்தில் உதவுவது இரண்டாவது 'கிலோ'தான். சுருக்கமாக எழுதுகிறேன் என்று 'கி' என்று மட்டும் போடாதீர்கள். கிலோவா கிராமா என்று பிறந்த குழந்தையின் படிவத்தில் கேள்வி வரும்.

என்ன கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம்

கர்ப்பிணிகளின் படிவத்தில் 'கடைசி மாதவிலக்குத் தேதி' என்று ஒரு பெட்டி இருக்கும். லேபிள் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒரு பெண்ணிடம் அதை அப்படியே கேட்டால், முடிந்த நாளைச் சொல்வார், அல்லது தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார். மருத்துவத்துக்கு வேண்டியது தொடங்கிய நாள். அந்த முதல் நாளிலிருந்துதான் 280 நாள் எண்ணிப் பிரசவத் தேதி சொல்கிறார்கள். நாலைந்து நாள் தள்ளிப்போனால் அத்தனை கணக்கும் அந்த அளவு தள்ளும். 'கடைசி மாதவிலக்குத் தொடங்கிய நாள்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும்.

லேபிளை வாசிப்பது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். நோயாளி திரையைப் பார்ப்பதில்லை, தட்டச்சு செய்பவர்தான் பார்க்கிறார். எங்கள் மருத்துவமனையில் லேபிள்கள் பர்மிய மொழியில் இருக்கின்றன; இங்கே உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். நர்ஸ்கள் எல்லோரும் படிப்பது அதைத்தான். ஆனால் வயதான தமிழ் ஆச்சிகளிடம் பேசும்போது இடையில் நாங்கள் நிற்கிறோம். அதனால் லேபிளைச் சிறியதாக வைத்துக்கொண்டு, வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வியைத் தனியே நிற்கும் எழுத்தாகக் கீழே தமிழில் போட்டுவைத்திருக்கிறோம். 'ஆச்சி, சக்கரைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா, ஊசி போட்டுக்கிறீங்களா?' என்று பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். 'நீரிழிவு சிகிச்சை முறை' என்று கேட்டால் ஆச்சிக்கு என்ன புரியும்?

மறுத்துக் கேட்கும் லேபிளைத் தவிர்த்துவிடுங்கள். 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லையா?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'ஆமாம், இல்லை' என்போம். பர்மியரும் அப்படியே. இல்லை என்பதை ஆமோதித்து ஆமாம் என்று சொல்கிறோம். அதைக் கேட்டு ஒருவர் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினால் அதற்கு என்ன பொருள்? ஒவ்வாமை உண்டு என்றா, இல்லை என்பது சரி என்றா? 'மருந்து ஒவ்வாமை' என்று மட்டும் லேபிள் வைத்து, 'உண்டு', 'இல்லை', 'கேட்கவில்லை' என்று மூன்று விடைகள் கொடுங்கள். மூன்றாவது விடை முக்கியமானது. பெட்டி வெறுமையாகக் கிடந்தால் ஒவ்வாமை இல்லை என்று அடுத்த டாக்டர் எடுத்துக்கொள்வார். உண்மையில் அன்று கூட்டத்தில் கேட்க மறந்திருப்பார்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்த வெறுமை உயிர்ப் பிரச்சினை.

பெயர் என்ற பெட்டி

வெளிநாட்டில் அமைத்த டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினால் முதல் தடுமாற்றம் பெயரிலேயே வரும். 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். பர்மியருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த உ தாண்டின் பெயர் தாண்ட், அவ்வளவுதான். 'உ' என்பது மரியாதைச் சொல், நாம் 'ஐயா' என்பது போல. இளைஞராக இருந்தால் 'கோ' அல்லது 'மாங்', பெண் என்றால் 'மா' அல்லது 'டோ'. குடும்பப்பெயர்ப் பெட்டி கட்டாயம் நிரப்ப வேண்டியதாக இருந்தால், நர்ஸ் என்ன செய்வார்? ஒருவர் 'உ' என்பதை முதற்பெயராக எழுதுவார். இன்னொருவர் பெயரைப் பாதியாக வெட்டி இரண்டிலும் போடுவார். மூன்றாமவர் ஒரு புள்ளி வைப்பார். அடுத்த மாதம் அதே நோயாளி வந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, புதிய பதிவு ஒன்று உருவாகும், பழைய நோய் வரலாறு எங்கோ கிடக்கும்.

நம் கதை இன்னும் சிக்கல். நம்மவர்கள் பலருக்கு அடையாள அட்டையில் பர்மியப் பெயர், வீட்டிலும் கோயிலிலும் தமிழ்ப் பெயர். பேரன் கூட்டிவந்தால் ஒரு பெயரைச் சொல்வான், பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்தால் வேறு பெயரைச் சொல்வார். நாங்கள் இப்போது 'அட்டையில் உள்ள முழுப்பெயர்', 'வீட்டில் அழைக்கும் பெயர்', 'தந்தை பெயர்' என்று மூன்று லேபிள் வைத்திருக்கிறோம். இந்த நாட்டுப் படிவங்களில் தந்தை பெயர் கேட்பது வழக்கம்தான், ஒரே பெயர் கொண்ட பலரைப் பிரித்தறிய அது பெரிய துணை.

பிறந்த தேதிக்கும் ஒரு வார்த்தை. பிறந்த கிழமையை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெயரே அதைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். ஆனால் தேதி தெரியாத முதியவர்கள் உண்டு. 'பிறந்த தேதி' என்று மட்டும் இருந்தால் நர்ஸ் ஏதாவது ஒரு ஜனவரி 1-ஐப் போட்டுவிடுவார். ஓபன் எம்ஆர்எஸ்ஸில் வயதைக் கொண்டு தோராயமான பிறந்த தேதியை எழுதி, இது தோராயம் என்று குறித்துவைக்க வழி இருக்கிறது. லேபிளில் 'தேதி தெரியாவிட்டால் வயதை எழுதுக' என்று சேர்த்தால்தான் அந்த வழி இருப்பதே நர்ஸுக்குத் தெரியும்.

எழுத்து உடைந்துபோகும் கதை

தமிழில் பாமினி எழுத்துருக் காலம் நினைவிருக்கிறதா? ஒரு கணினியில் அழகாக அடித்த தமிழ், இன்னொன்றில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். பர்மிய எழுத்துக்கு அந்த வரலாறு இன்னும் சிக்கலானது. ஸோஜி என்ற எழுத்துருதான் பல ஆண்டுகள் இந்த நாட்டில் கோலோச்சியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் தனித்தனி இடம் ஒதுக்கும் பொதுத் தரநிலைதான் யூனிகோடு. ஸோஜி அதைப் போலவே பர்மிய எழுத்துக்கான இடங்களில் உட்கார்ந்திருந்தாலும் யூனிகோடு விதிப்படி எழுதுவதில்லை. அரசு யூனிகோடுக்கு மாறிய நாள் 2019 அக்டோபர் 1. பழைய கோப்புகளிலும் பழைய கைபேசிகளிலும் ஸோஜி இன்னும் கிடக்கிறது.

தமிழைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம். 'கெ' என்று எழுத பாமினியில் முதலில் கொம்பை அடிப்போம், பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில் சேமிக்கப்படும், கொம்பு பின்னால். திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வந்து நிற்கும். பர்மிய எழுத்திலும் எழுத்துக்கு முன்னால் நிற்கும் உயிர்க்குறி ஒன்று உண்டு. ஸோஜியில் அது முன்னால் சேமிக்கப்படுகிறது, யூனிகோடில் பின்னால். கண்ணுக்கு இரண்டும் ஒரே சொல், கணினிக்கு இரண்டு வெவ்வேறு சொல். அதனால் லேபிள் உடைந்து தெரிவதோடு நிற்காது, தேடினாலும் கிடைக்காது.

எங்கள் ஊர் மோன் மாநிலத்தில் இருப்பதால் இன்னொரு கவலையும் உண்டு. யூனிகோடு மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய இடங்களைப் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும் பர்மிய அடுக்கெழுத்துகளுக்காக ஸோஜி எடுத்துக்கொண்டது. ஸோஜி வைத்திருக்கும் கைபேசியில் மோன் மொழி லேபிள் வாசிக்கவே முடியாத ஒன்றாகிவிடும்.

நான் ஒருமுறை பழைய வேர்டு கோப்பு ஒன்றிலிருந்து லேபிள்களை நகலெடுத்து ஒட்டினேன். என் மடிக்கணினியில் நன்றாகத் தெரிந்தது. நர்ஸின் கைபேசியில் திறந்தபோது எழுத்துகள் இடம் மாறி, குறிகள் தனித்தனியாகப் புள்ளி வட்டங்களோடு தொங்கின. 'மூச்சுத் திணறல்' என்ற லேபிளின் பக்கத்தில் இருந்த கட்டத்தை அன்று யாருமே தொடவில்லை. அன்று வந்தவர்களில் யாருக்கும் மூச்சுத் திணறல் இல்லாமல் இருந்திருக்குமா? அன்றிலிருந்து எந்த லேபிளையும் ஒட்டுவதில்லை. யூனிகோடு விசைப்பலகையில் கையாலேயே அடிக்கிறேன்.

பர்மிய மொழியில் சொற்களுக்கு நடுவே நம்மைப் போல இடைவெளி விடுவதில்லை. நீளமான லேபிளைக் கணினி எங்கே மடிக்கும் என்று சொல்ல முடியாது, சொல்லின் நடுவிலும் மடிக்கும். அடுக்கெழுத்துகள் கீழே இறங்குவதால் வரிக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். ஆங்கிலத்துக்கென்று அமைத்த பெட்டியில் அடிப்பகுதி வெட்டுப்படும். தமிழுக்குச் சொல் நீளம்தான் பிரச்சினை. 'இரத்த அழுத்தம்' நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். 'பிரஷர்' என்று எழுதினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நர்ஸும் நோயாளியும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால் எழுதலாம், எனக்கு மறுப்பு இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரே விஷயம். மங்கலான சாம்பல் நிறத்தில் லேபிள் வேண்டாம். இணையத் தரநிலைகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்கின்றன. கரண்ட் போய், திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வேலை பார்க்கும் மாலைகளில் இதன் அருமை தெரியும்.

லேபிளை மாற்றும்போது

படிவம் ஓடத் தொடங்கிய பிறகு யாராவது வந்து இந்த லேபிளை மாற்று என்பார்கள். எழுத்துப் பிழை என்றால் உடனே மாற்றலாம். பொருள் மாறுகிறது என்றால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'இடுப்புச் சுற்றளவு' என்ற பெட்டியை யாரும் பயன்படுத்தவில்லை. குழந்தைகள் படிவத்துக்குத் 'தலைச் சுற்றளவு' வேண்டும். புதிய பெட்டி அமைக்கச் சோம்பல்பட்டு, பழைய பெட்டியின் லேபிளை மட்டும் மாற்றினால் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பின்னால் கான்செப்ட் இன்னும் இடுப்பு என்றே சொல்கிறது. ஒரு வருடம் கழித்து யாராவது அறிக்கை எடுத்தால், 45 சென்டிமீட்டர் இடுப்புள்ள நூற்றுக்கணக்கான பேர் அதில் வருவார்கள், பிள்ளைகளின் தலை வளர்ச்சி ஓரிடத்திலும் வராது. இதுபோன்ற நேரத்தில் புதிய கான்செப்டோடு புதிய பெட்டி அமையுங்கள், பழையதை நிறுத்திவையுங்கள். ஓபன் எம்ஆர்எஸ்ஸில் படிவத்துக்கே பதிப்பு எண் உண்டு; பழைய பதிப்பை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பதிப்பை வெளியிடலாம். ஃபயர் தரநிலையில் பதிலோடு அந்தக் கேள்வியின் வாசகத்தையும் சேர்த்துவைக்க இடம் வைத்திருக்கிறார்கள். அன்று திரையில் என்ன எழுதியிருந்தது என்பது பதிலின் ஒரு பகுதி என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

வெளியிடும் முன் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. படிவத்தைத் தாளில் அச்சடித்து, அதை இதுவரை பார்க்காத ஒரு நர்ஸிடம் கொடுத்து, என்னை நோயாளியாக வைத்து நிரப்பச் சொல்வேன். நான் எதையும் விளக்க மாட்டேன். அவர் பேனா எங்கே நிற்கிறதோ, என் முகத்தை எங்கே நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த லேபிளைத் திருத்துவேன்.

அந்தக் குழந்தையின் 22-ஐ அன்று மாலையே சரிசெய்தோம். பதிவை அழிக்கவில்லை. ஓபன் எம்ஆர்எஸ்ஸில் தவறான பதிவைச் செல்லாது என்று குறித்து, காரணமும் எழுதிவைக்கலாம். பழையது மறைந்துபோகாமல் பின்னால் இருக்கும். காரணம் என்ற பெட்டியில் 'பவுண்டில் எழுதப்பட்டது' என்று எழுதி, 10 என்று புதிதாகப் பதிந்தோம். பிறகு அந்த மாதம் அதே மெஷினில் நிறுத்துப் பார்த்த மற்றப் பிள்ளைகளின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு, நானும் சயாமாவும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம்.